தராசு பேசாதபோது: யுஎஸ்பி சீரியலில் காத்துக் கிடக்காமல் படிப்பது எப்படி?

தெரிந்த மளிகைக் கடைக்காரர் ஒருவருக்கு பில்லிங் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். எலக்ட்ரானிக் தராசிலிருந்து ஒரு யுஎஸ்பி கேபிள் கம்ப்யூட்டருக்கு வரும். பருப்பைத் தட்டில் வைத்தால் எடை தானாக பில்லில் ஏறிவிடும். வீட்டில் ஓட்டிப் பார்த்தபோது கச்சிதமாக இருந்தது. கடையில் வைத்த மூன்றாம் நாள் போன். "தம்பி, தராசை ஆஃப் பண்ணா கம்ப்யூட்டரும் சேர்ந்து ஆஃப் ஆயிடுதுப்பா. மவுஸ் மட்டும் நகருது, எதை அழுத்தினாலும் ஒண்ணும் ஆக மாட்டேங்குது."

கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. என் புரோகிராமில் "தராசிலிருந்து ஒரு வரி படி" என்று ஒரே ஒரு வரி இருந்தது. தராசு அணைந்து கிடந்ததால் அந்த வரி வரவே இல்லை. வரும்வரை புரோகிராம் அங்கேயே நின்றுவிட்டது. பட்டன் அழுத்தியதைக் கவனிக்க வேண்டியதும், திரையை வரைய வேண்டியதும் அதே புரோகிராம்தான் என்பதால் கடைக்காரர் கண்ணுக்கு எல்லாமே செத்துப்போன மாதிரி தெரிந்தது.

சீரியல் போர்ட்டுக்கு, அதாவது பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் இணைப்புக்கு, புதிதாக வரும் எல்லோரும் ஒருமுறையாவது முட்டிக்கொள்ளும் சுவர் இது. இதைத் தாண்டும் வழிக்கு நான்-பிளாக்கிங் ரீட் என்று பெயர். பெயரைக் கேட்டால் ஏதோ வேகம் சம்பந்தப்பட்டது போலிருக்கும். வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. "தரவு இல்லையென்றால் எவ்வளவு நேரம் காத்திருக்கத் தயார்?" என்ற ஒரு கேள்விக்கு நாம் சொல்லும் பதில்தான் விஷயம். நாம் வாயைத் திறக்காவிட்டால், "எவ்வளவு நேரமானாலும்" என்று சொன்னதாகவே சிஸ்டம் எடுத்துக்கொள்ளும்.

ரீட் என்றால் உள்ளே என்ன நடக்கிறது

ஹார்ட் டிஸ்கில் உள்ள ஃபைலைப் படிக்கும்போது இந்தத் தொல்லை தெரியாது. ஃபைலுக்கு முடிவு உண்டு. கேட்டது இருந்தால் வரும், இல்லையென்றால் முடிந்துவிட்டது என்ற பதில் வரும். சீரியல் சாதனத்துக்கு முடிவு கிடையாது. இப்போது பேசவில்லை என்றால் இன்னும் ஒரு நொடியில் பேசலாம், நாளைக்குப் பேசலாம், பேசாமலே போகலாம். எனவே ரீட் என்று கூப்பிட்டதும் கெர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) நம் புரோகிராமைத் தூங்க வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போகிறது. பைட் வந்ததும் தட்டி எழுப்பும்.

இதைக் குறை என்று சொல்ல மாட்டேன். தூங்கும் புரோகிராம் சிபியுவைத் தொடாது, மின்சாரம் தின்னாது. தராசைப் படிப்பது மட்டுமே வேலை என்றால் இப்படித் தூங்குவதுதான் சரி. வேறு வேலையும் கையில் இருக்கும்போதுதான் சிக்கல்.

தராசின் வேகத்தையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். பல தராசுகளை 9600 பாட், அதாவது விநாடிக்கு 9600 பிட், வேகத்தில் வைத்திருப்பார்கள். ஒரு பைட்டுக்கு எட்டு பிட்டோடு தொடக்கத்துக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று என மொத்தம் பத்து பிட். ஆக விநாடிக்கு 960 பைட். எடை '01.235' என்று ஆறு எழுத்தாக வந்து, கடைசியில் வரிமுடிவுக்கு இரண்டு பைட் சேர்ந்தால், ஒரு வரிக்கு எட்டு பைட். அது கம்பியில் வந்து சேர எட்டு மில்லிவிநாடிக்குச் சற்றுமேல் ஆகும். நமக்கு அது கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. 2 கிகாஹெர்ட்ஸ் சிபியுவுக்கோ அதற்குள் ஒன்றரைக் கோடித் துடிப்புக்கு மேல் போய்விடும். அதனால்தான் ஒரு வரி பாதி வந்து பாதி வராத நிலையில் நம் புரோகிராம் போய் எட்டிப் பார்ப்பது சர்வசாதாரணமாக நடக்கிறது.

நடுவில் யுஎஸ்பி இருப்பது இன்னொரு சிக்கல். பழைய ஒன்பது பின் சீரியல் போர்ட்டில் பைட் நேராக வந்து இறங்கும். யுஎஸ்பியில் எந்தச் சாதனமும் தானாக வாய் திறக்க முடியாது. கம்ப்யூட்டர் "ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டால்தான் கொடுக்க முடியும். கேபிளில் உள்ள மாற்றிச் சிப் பைட்டுகளைச் சேர்த்துவைத்து மொத்தமாகத் தள்ளும். எஃப்டிடிஐ நிறுவனத்தின் பரவலான சிப்புகளில் ஒரு பொட்டலம் 64 பைட். அதில் முதல் இரண்டு நிலைத்தகவலுக்குப் போக, தரவுக்கு 62. பொட்டலம் நிறையாவிட்டாலும், உள்ளே இருக்கும் கடிகாரம் முடிந்ததும் இருப்பதை அனுப்பிவிடும். அந்தக் கடிகாரத்தின் இயல்பான அளவு 16 மில்லிவிநாடி. லினக்ஸில் லேட்டன்சி டைமர் என்ற பெயரில் இதைப் பார்க்கலாம், 1 வரை குறைக்கவும் செய்யலாம்.

நம் எட்டு பைட் வரியின் நடுவில் அந்தக் கடிகாரம் அடித்தால் வரி இரண்டாக உடைந்து வரும். அடிக்காவிட்டால் முழுசாக வரும். இதனால்தான் ஒரு கம்ப்யூட்டரில் ஒழுங்காக ஓடும் புரோகிராம் இன்னொன்றில், வேறு கேபிளில், எப்போதாவது ஒருமுறை மட்டும் தப்பான எடையைக் காட்டுகிறது. எப்போதாவது வரும் பிழையைப் போல உயிரை வாங்குவது வேறில்லை.

காத்திருக்க மாட்டேன் என்று சொல்லும் வழிகள்

லினக்ஸில் போர்ட்டைத் திறக்கும்போதே ஓ-நான்பிளாக் (O_NONBLOCK) என்ற கொடியை, அதாவது விருப்பக் குறியை, சேர்த்துத் திறக்கலாம். அப்போது ரீட் தூங்காது. பைட் இருந்தால் இருப்பதைக் கொடுக்கும். இல்லையென்றால் −1 என்று திரும்பி, ஈ-அகெய்ன் என்ற பிழை எண்ணை வைத்துவிட்டுப் போகும். பெயர்தான் பிழை. "இப்போது இல்லை, அப்புறம் வா" என்பதுதான் அர்த்தம். புதியவர்கள் இதைப் பார்த்துப் பயந்து போர்ட்டை மூடிவிடுவார்கள். மூட வேண்டாம், அடுத்த வேலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால் போதும்.

இன்னொரு வழி, போர்ட் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் டெர்மியாஸ் அமைப்பில் உள்ள வி-மின், வி-டைம் என்ற இரண்டு எண்கள். முதலாவது, குறைந்தது எத்தனை பைட் சேர்ந்தால் திரும்பலாம் என்பது. இரண்டாவது நேரம், அதுவும் விநாடியில் பத்தில் ஒரு பங்குக் கணக்கில். இரண்டும் 0 என்றால் இருப்பதை எடுத்துக்கொண்டு உடனே திரும்பும். வி-மின் 0, வி-டைம் 2 என்றால் அதிகபட்சம் 0.2 விநாடி காத்துப் பார்க்கும். வி-மின் 8, வி-டைம் 2 என்று வைத்து, "எட்டு பைட் அல்லது 0.2 விநாடி, எது முதலோ அது" என்று நினைத்துக்கொள்பவர்கள் நிறைய. நானும் நினைத்தேன். வி-மின் 0-க்கு மேல் இருந்தால் கடிகாரம் ஓடத் தொடங்குவதே முதல் பைட் வந்த பிறகுதான். முதல் பைட் வராவிட்டால் பழையபடி விடிய விடியத் தூக்கம்தான்.

கொடி, எண்கள் இரண்டையும் கலந்து போடாதீர்கள். எதற்கு முன்னுரிமை என்பதை யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான போசிக்ஸ் தரநிலை தீர்த்துச் சொல்லவில்லை. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்வது நல்லது. என் கை போவது கொடிக்குத்தான். ஏனென்றால் வி-மின் 0 முறையில் "இப்போது எதுவும் இல்லை" என்பதற்கும் ரீட் 0 தரும், கேபிளைப் பிடுங்கி இணைப்பு அறுந்தாலும் 0 தரலாம். கொடி முறையில் வெறும் காத்திருப்புக்கு −1 வரும். 0 வந்தால் எதிர்முனை போய்விட்டது என்று பிரித்துப் பார்க்கலாம்.

போர்ட்டை ரா முறையில் (வந்த பைட்டை அப்படியே தரும் முறை) வைக்க மறந்தால் மேலே சொன்ன எதுவும் உருப்படாது. லினக்ஸ் எந்த சீரியல் போர்ட்டையும் முதலில் மனிதன் தட்டச்சு செய்யும் டெர்மினல் என்றுதான் நினைக்கும். வரி முடியும்வரை ஒரு பைட்டையும் கண்ணில் காட்டாது. எக்கோ வேறு இயல்பாகவே போட்டிருக்கும், அதாவது தராசு அனுப்பியதை அப்படியே தராசுக்கே திருப்பி அனுப்பும். தராசு அதைக் கட்டளை என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பது தராசைப் பொறுத்தது.

பைத்தானில் பைசீரியல் நூலகம் ரா முறையை அதுவே பார்த்துக்கொள்ளும். டைம்அவுட் மதிப்பு மட்டும் நம் பொறுப்பு. None (மதிப்பு இல்லை) என்று விட்டால் முடிவில்லாக் காத்திருப்பு, என் புரோகிராமில் இருந்தது அதுதான். 0 கொடுத்தால் நான்-பிளாக்கிங். 0.2 கொடுத்தால் அவ்வளவு நேரம் மட்டும். இன்-வெயிட்டிங் என்பதைக் கேட்டால் பஃபரில் (வந்த பைட்டுகள் தங்கும் இடம்) எத்தனை பைட் காத்திருக்கிறது என்று சொல்லும். விண்டோஸில் நேரடியாக எழுதுபவர்கள் செட்-காம்-டைம்அவுட்ஸ் மூலம் இதையே செய்கிறார்கள். ஆர்டுவினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை பக்கம் சீரியல்.அவைலபிள் கேட்டு, இருந்தால் மட்டும் சீரியல்.ரீட் செய்வது வழக்கம். அங்கே ரீட்-ஸ்ட்ரிங் பயன்படுத்தினால் கடைசி எழுத்துக்குப் பிறகு ஒரு முழு விநாடி சும்மா காத்திருக்கும். மோட்டார் ஏன் தடுக்கித் தடுக்கி ஓடுகிறது என்று தேடுபவர்கள் முதலில் அங்கே பார்க்கலாம்.

நான் செய்த அடுத்த தவறு

போன் வந்த அன்று மாலையே டைம்அவுட்டை 0 ஆக்கி, ஒரு வரி படிக்கும் ரீட்-லைனைக் கூப்பிட்டு, பிரச்சினை முடிந்தது என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தேன். தராசை அணைத்தாலும் திரை உறையவில்லை. மறுநாள் அவர் அனுப்பிய போட்டோவில் துவரம் பருப்பு 235 கிலோ என்று பில் விழுந்திருந்தது.

நடந்தது இதுதான். தராசு அனுப்பியது, வரிமுடிவை ⏎ என்று வைத்துக்கொண்டால்:

01.235⏎01.235⏎01.235⏎

என் புரோகிராம் மூன்று முறை எட்டிப் பார்த்தபோது கிடைத்தது:

முதல் முறை: 01.
இரண்டாம் முறை: 235⏎
மூன்றாம் முறை: 01.23

ரீட்-லைன் என்ற பெயரை நம்பி ஒவ்வொன்றையும் ஒரு முழு வரி என்று எடுத்துக்கொண்டேன். டைம்அவுட் தீர்ந்தால், வரி முடிந்திருந்தாலும் முடியாவிட்டாலும், கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் அதன் வழக்கம். டைம்அவுட் 0 என்றால் அது எப்போதுமே தீர்ந்த நிலைதான். 235 கிலோவாவது கண்ணில் பட்டது. 1.23 யார் கண்ணிலும் படாது. ஐந்து கிராம், பத்து கிராம் என்று நாள் முழுக்கப் போயிருக்கும்.

சீரியல் இணைப்பில் செய்தி என்று ஒன்று கிடையாது. குழாய்த் தண்ணீர் மாதிரி பைட்டுகள் வந்துகொண்டிருக்கும், எங்கே ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பது குழாய்க்குத் தெரியாது. காத்திருந்து படித்தபோது வரியைச் சேர்த்துத் தரும் வேலையை ரீட்-லைன் நமக்காகச் செய்தது. காத்திருக்க மாட்டேன் என்று சொன்ன அந்த நிமிடமே அந்த வேலை நம் தலையில் விழுகிறது.

செய்ய வேண்டியது கஷ்டமில்லை. புரோகிராமில் ஒரு தனிச் சேமிப்பு வைத்துக்கொள்ளுங்கள்:

வந்த பைட்டுகளை எல்லாம் சேமிப்பின் கடைசியில் ஒட்டு
சேமிப்பில் வரிமுடிவு இருக்கும்வரை:
  அதுவரை உள்ளதை ஒரு வரியாக வெட்டி எடு
  மிச்சத்தைச் சேமிப்பிலேயே விடு
  வெட்டிய வரி சரியான வடிவில் இருந்தால் எடையாக ஏற்றுக்கொள்

மேலே உள்ள மூன்று துண்டையும் இதில் ஓட்டிப் பாருங்கள். முதல் முறை '01.' சேரும், வரிமுடிவு இல்லை, எதுவும் நடக்காது. இரண்டாம் முறை சேமிப்பு '01.235⏎' ஆகும், ஒரு வரி கிடைக்கும். மூன்றாம் முறை '01.23' மிச்சமாக உட்கார்ந்திருக்கும். அதை யாரும் எடை என்று நினைக்கப் போவதில்லை.

போர்ட்டைத் திறந்ததும் கிடைக்கும் முதல் வரியைக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கிப் போடுங்கள். தராசு பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் நுழைந்திருப்போம், அது வாலாக இருக்கும். சேமிப்புக்கும் ஒரு உச்சவரம்பு வையுங்கள். பாட் வேகம் தவறாக இருந்தால் வரிமுடிவே வராமல் குப்பை சேர்ந்துகொண்டே போகும்.

வெட்டும்வரை எல்லாவற்றையும் பைட்டாகவே வைத்திருங்கள், முழு வரி கிடைத்த பிறகு எழுத்தாக மாற்றுங்கள். எண்களுக்கு எப்படிச் செய்தாலும் ஓடும். ஆனால் சொந்தமாகச் செய்த கருவி 'எடை' என்று தமிழிலேயே அனுப்பினால், யுடிஎஃப்-8 முறையில் அந்தச் சின்னச் சொல் ஒன்பது பைட். எ, ட, ஐகாரக் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று. துண்டு எங்கே வேண்டுமானாலும் விழலாம் என்பதால் எழுத்தின் நடுவிலேயே வெட்டு விழுந்து, மாற்றும்போது பிழை வந்து நிற்கும்.

சும்மா சுற்றுவதும் தப்பு

காத்திருக்காத ரீட்டை ஒரு லூப்பில் போட்டு ஓயாமல் கூப்பிட்டால் புரோகிராம் விநாடிக்கு லட்சக்கணக்கான முறை "வந்ததா? வந்ததா?" என்று கேட்கும். சிபியுவின் ஒரு கோர் முழுசாக 100 சதவீதத்துக்குப் போகும், ஃபேன் இரையும். பிளாக்கிங் முறையின் ஒரே நல்ல குணத்தையும் தொலைத்த கதை.

இதற்கு லினக்ஸில் 'போல்' (poll), 'செலக்ட்' (select) என்று இரண்டு கூப்பிடுமுறைகள் உண்டு. செலக்ட் 1983-இல் வந்த 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்பிலேயே இருந்தது, அவ்வளவு பழைய தலைவலி இது. "இந்தப் போர்ட்டில் ஏதாவது வந்தால் எழுப்பு, 200 மில்லிவிநாடி ஆகியும் வராவிட்டாலும் எழுப்பு" என்று சொல்லிவிட்டுத் தூங்கலாம். தூக்கம் உண்டு, ஆனால் அளவோடு. ஒரே நேரத்தில் தராசு, பார்கோடு ஸ்கேனர், நெட்வொர்க் மூன்றையும் சேர்த்துக் காவல் வைக்கலாம் என்பது கூடுதல் வசதி. விண்டோஸில் செலக்ட் நெட்வொர்க் சாக்கெட்டுக்கு மட்டும்தான், சீரியல் போர்ட்டுக்கு உதவாது.

ஜன்னல், பட்டன் வைத்த புரோகிராமில் ஏற்கெனவே ஒரு லூப் ஓடிக்கொண்டிருக்கும். அதோடு சண்டை போடாமல் அதிலேயே நுழைந்துகொள்ள வேண்டும். ஜன்னல், பட்டன் வரையும் நூலகமான க்யூட்டி (Qt) பயன்படுத்தினால் கியூ-சீரியல்-போர்ட் தரும் ரெடி-ரீட் சிக்னல் போதும். பைத்தானோடு வரும் டிகே-இன்டரில் ஆஃப்டர் கொண்டு 50 மில்லிவிநாடிக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். தராசுக்கு அது தாராளம்.

தனி த்ரெட்டில் (புரோகிராமுக்குள்ளேயே இணையாக ஓடும் கிளை) பழைய பிளாக்கிங் ரீட்டையே வைத்து, முழு வரி கிடைத்ததும் க்யூவில் போடச் சொல்வதும் நல்ல வழிதான். சிலர் இதைக் குறைவாகப் பேசுவார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஒரே மாதிரி ஓட வேண்டும் என்றால் பல நேரம் இதுவே சிக்கனம். அந்த த்ரெட்டுக்கும் 0.2 விநாடி டைம்அவுட் ஒன்று வைத்துவிடுங்கள். இல்லையென்றால் புரோகிராமை மூடும்போது அது மட்டும் மூட மறுக்கும்.

இன்னொரு விஷயம் பலருக்குப் பிடிபடுவதில்லை. தராசு விநாடிக்குப் பத்து வரி அனுப்புகிறது, நாம் விநாடிக்கு ஒரு வரி மட்டும் எடுத்துத் திரையில் காட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிமிடத்தில் 600 வரி வந்திருக்கும், நாம் எடுத்தது 60. அறுபதாவது வரி தராசை விட்டுக் கிளம்பியது ஆறாவது விநாடியில். திரையில் தெரிவது 54 விநாடி பழைய எடை! தட்டில் சர்க்கரை இருக்கும், பில்லில் முந்தைய ஆள் வாங்கிய பருப்பின் எடை ஏறும். ஒவ்வொரு முறை எட்டிப் பார்க்கும்போதும் பஃபரில் இருப்பதை ஒட்ட வழித்தெடுத்து, கிடைத்த வரிகளில் கடைசியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தராசுக்கு இது சரி. ஒவ்வொரு வரியும் முக்கியமான கருவி என்றால் எல்லாவற்றையும் வரிசையாகக் கையாள வேண்டும்.

கேபிள் பிடுங்கப்படுவதையும் நடக்கவே நடக்காத விபத்தாக நினைக்காதீர்கள். கடையில் பெருக்குகிற அம்மாவின் துடைப்பம் தினம் இரண்டு முறை அந்தப் பக்கம் போகும். ரீட் 0 தந்தாலோ, ஈ-அகெய்ன் அல்லாத பிழை தந்தாலோ, 'போல்' கூப்பிட்டபோது ஹேங்-அப் (இணைப்பு அறுந்தது) என்று வந்தாலோ போர்ட்டை உடனே மூடிவிட்டு, ஒரு விநாடி இடைவெளியில் திறக்க முயன்றுகொண்டே இருங்கள். மூடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் லினக்ஸில் டிடிஒய்-யுஎஸ்பி-0 ஆக இருந்தது மறுபடி செருகும்போது டிடிஒய்-யுஎஸ்பி-1 ஆக வந்து நிற்கும். டெவ் அடைவில் சீரியல், பை-ஐடி (/dev/serial/by-id) என்று உள்ளே போனால் சாதனத்தின் அடையாளத்தோடு நிலையான பெயர் இருக்கும், அதைப் பயன்படுத்தலாம். மீண்டும் இணைந்ததும் சேமிப்பைக் காலி செய்ய மறக்க வேண்டாம், பழைய பாதி வரியின் தலையோடு புதிய வரியின் வால் ஒட்டிக்கொள்ளும்.

எல்லாம் முடிந்த பிறகு கடைக்குப் போய், பில் ஓடிக்கொண்டிருக்கும்போதே தராசை அணைத்தேன், போட்டேன், கேபிளைப் பிடுங்கினேன், வேறு போர்ட்டில் செருகினேன். திரையின் மூலையில் 'தராசு இணைப்பு இல்லை' என்று வந்தது, போனது, மற்ற பட்டன்கள் தம் பாட்டுக்கு வேலை செய்தன. கடைக்காரர் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "அது இல்லாதப்ப எடையை நான் கையால போட்டுக்கலாமா தம்பி?" அதற்கு ஒரு கட்டம் வைக்க எனக்குத் தோன்றவே இல்லை. அங்கேயே உட்கார்ந்து வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.